பலகையில் மாட்டிய எட்டு

கொஞ்சம் இரு, கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன்.

ஆமாம் அம்மிணி, நான்தான் அது. அந்தப் புடவைகூட ஞாபகம் இருக்கிறது. படத்தில் சாம்பலாகத் தெரிகிறது, உண்மையில் கிளிப்பச்சை. தூரத்திலேயே கண்ணில் படட்டும் என்று ரேஸ் அன்றைக்கு அதைத்தான் கட்டிக்கொள்ளச் சொல்வார் என் வீட்டுக்காரர்.

எவ்வளவு பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாய்! அன்றைக்குப் பேப்பரில் வந்தபோது தீப்பெட்டி அளவுதான். என் கையில் பலகை இருப்பது தெரிந்தது, பலகையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. முப்பத்தேழு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. நீ போட்டோக்காரர் வீட்டுப் பரணில் நெகட்டிவைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் போட்டு, விரலால் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாய். மெக்கானிக்கல் படித்த பெண் அல்லவா. நீ கேட்பது நியாயமான கேள்விதான். பலகையில் எட்டு என்று இருக்கிறது. எட்டு செகண்ட் பின்னால் வருகிற நீல வண்டி, முன்னால் போகிற எங்கள் வெள்ளை வண்டியோடு ஒரே படத்துக்குள் எப்படி விழும்?

விழாது.

உட்கார். காபி வைக்கிறேன். இல்லை, முதலில் சொல்லிவிடுகிறேன். காபி வைக்கப் போனால் அடுப்பருகில் நின்று வேறு ஒரு கதையை யோசித்துவிடுவேன். இத்தனை வருஷம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

உங்கள் மோட்டார் கிளப்புக்கு ஐம்பதாவது வருஷம், மலர் போடுகிறீர்கள், அதில் என் வீட்டுக்காரருக்கு நாலு பக்கம் என்று போனில் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. குழந்தைவேலுக்கு நாலு பக்கம். உயிரோடு இருந்தபோது நாலு வரி எழுத ஆள் இல்லை. போகட்டும்.

எங்கள் வண்டியை நீ பார்த்திருக்க மாட்டாய். ரேஸுக்கென்று பிறந்த வண்டி அல்ல அது. காய்கறிச் சந்தைக்குப் போகிற வண்டி, கல்யாணத்துக்குப் போகிற வண்டி. இப்போது ஸ்டாக் கார் என்கிறீர்களே, அந்த ஜாதி. திங்கள் முதல் வெள்ளி வரை அவர் என்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுவது அதில்தான். நான் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஜன்னலில் நின்று, "ரேஸ் கார்ல டீச்சர் வர்றாங்க டோய்!" என்று கத்துவார்கள். ரேஸ் வருகிற வாரம் பின்சீட்டைக் கழற்றி ஹாலில் போட்டுவிடுவார், எடை குறையட்டும் என்று. எங்கள் வீட்டில் அப்போது சோபா கிடையாது. அந்தப் பின்சீட்தான் சோபா. ரேஸ் இல்லாத வாரம் சோபா வண்டிக்குப் போய்விடும், விருந்தாளிக்குப் பாய்.

இன்ஜின் மட்டும் வேறு. அதை அவரே கட்டினார். சிங்காநல்லூர் பட்டறையில் அவரும் காசிம் பாயும் சேர்ந்து கட்டுவார்கள். கோயமுத்தூரில் ரேஸ் ஓட்டிய பாதிப் பேர் வண்டியில் அவர் கட்டின இன்ஜின்தான். 'வேலு இன்ஜின்' என்றால் ஒரு பெயர். ஓடிக்கொண்டே இருக்கும், பாதியில் நிற்காது என்கிற பெயர். எனக்குக் காதிலேயே தெரியும் அம்மிணி. அசை பிரித்துப் பழகிய காது. பத்து வண்டி இரைச்சலில் இது நம்முடையது என்று தனியாகப் பிரித்துச் சொல்வேன். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது அது ஒரு சின்ன விக்கல் விக்கும்.

பலகைக்கு வருகிறேன். அப்போது வண்டிக்குள் போன் கிடையாது, காதில் கருவி கிடையாது. ஓட்டுகிறவருக்குச் சேதி சொல்ல ஒரு கறுப்புத் தகரப் பலகைதான். அதில் ஆணி அடித்திருக்கும். எண் எழுதிய தகடுகளை ஆணியில் மாட்டி, சுவருக்கு மேலே நீட்டிப் பிடிக்க வேண்டும். மேலே, இன்னும் எத்தனை ரவுண்டு பாக்கி. கீழே, பின்னால் வருகிறவன் எத்தனை செகண்டில் வருகிறான். காசிம் பாய் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சொல்வார், நான் மாட்டி நீட்டுவேன். அவர் எங்களைக் கடந்து போகும்போது ஒரு விரலைத் தூக்குவார். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். ஒரு ரவுண்டுக்கு ஒரு விரல். எட்டு வருஷம் எங்கள் பேச்சு அவ்வளவுதான், சிரிக்காதே, நிஜமாகவே சொல்கிறேன். வீட்டில் பேசியதைவிட அந்தச் சுவர் மேல் பேசியதுதான் அதிகம்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொடி விழுவதற்கு முன்னால், உள்ளே இருக்கிற பின்கண்ணாடியைக் கையால் கூரையைப் பார்க்கத் திருப்பிவிடுவார். மற்றவர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். முதல் தடவை பார்த்தபோது பதறிப்போய்க் கேட்டேன்.

"ஏனுங்க, பின்னால எவன் வர்றான்னு எப்படித் தெரியும்?"

"அது உன்ற வேல. பின்னால பாத்துக்கிட்டே ஓட்டுனா முன்னால போற வேகம் போயிரும் மரகதம். நீ சொன்னாச் சரி."

காசிம் பாய்கூடக் கிண்டல் செய்வார். "அண்ணே, உங்க பின்கண்ணாடிக்கு கிளிப்பச்சைப் பொடவை நல்லாருக்கு."

அந்த வருஷம் அவர் நன்றாக ஓட்டினார். நவம்பர் வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது.

நவம்பர் ரேஸில் எனக்குப் பக்கத்தில் பலகை பிடித்து நின்றவள் ஷீலா. இன்னொரு வண்டி ஓட்டிய சுகுமாரின் மனைவி. ஈரோட்டுப் பெண், இருபத்து நாலு வயது, ஒவ்வொரு ரவுண்டும் தகடு மாட்டும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். ட்ராக் ஒரு பழைய விமான ஓடுதளம். இடமும் வலமுமாக ஏழு வளைவு. ஐந்தாவது வளைவின் ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு இருந்தது, அதனால் கிணற்று மூலை என்பார்கள். அங்கே சுகுமாரின் வண்டி புரண்டது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒன்றும் தெரியாது. வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. ஒன்பது போயின. பத்தாவது வரவில்லை. ஷீலா பலகையை நீட்டியபடியே நின்றாள். அதில் மேலே நாலு என்று இருந்தது.

"ஷீலா, கீழ எறக்கும்மா," என்றேன்.

"இருங்கக்கா, வந்துருவாரு. ஸ்பின் ஆயிருக்கும். இப்ப வந்துருவாரு."

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பலகை நடுங்குகிறது, தகடு ஆணியில் மோதிக் கிடுகிடுவென்று ஒரு சத்தம். இறக்க மாட்டேன் என்கிறாள். காசிம் பாயும் நானும் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பலகையை வாங்கினோம். சுகுமார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் தூங்கினேனா என்று கேட்காதே. வீட்டில் பேசிப் பார்த்தேன். "இந்த வருசம் முடியட்டும் மரகதம்," என்றார். முடியட்டும் என்றாரே தவிர, முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லில் இருக்கிற வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

உன் கட்டுரைக்கு உதவும் என்பதால் இதையும் சொல்கிறேன். ஜனவரியில் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக் கடிதம் வந்தது. கடைசி ரேஸில் ஜெயித்து சாம்பியன் ஆகிவிட்டால் அடுத்த வருஷம் அவர்கள் வண்டி, அவர்கள் செலவு. கல்கத்தா, பெங்களூர், கொழும்பு. வருஷத்தில் ஏழு மாதம் வெளியூர். அவர் அதை நூறு தடவை படித்தார். நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று, "கொழும்புல வெயில் ஜாஸ்தியா இருக்குமா?" என்று கேட்டால் என்ன சொல்வது? நானா, எனக்குக் கல்லூரி இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஏழு மாதம் இந்த வீட்டில் அந்தப் பின்சீட்டும் நானும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மிணி, ரேஸ் அன்றைக்கு அந்தக் கடிதம் என் நினைவிலேயே இல்லை. என் கைப்பையில் இருந்தது, அது வாஸ்தவம். அவர் எங்காவது தொலைத்துவிடுவார் என்று நான்தான் வைத்திருந்தேன். நினைவில் இல்லை.

பிப்ரவரி. சீசனின் கடைசி ரேஸ். இருபது ரவுண்டு. கணக்கு சுலபம். அவரும், நீல வண்டி ஓட்டுகிற பெங்களூர் டெரிக்கும் புள்ளியில் சமம். இந்த ரேஸில் யார் முன்னால் வருகிறார்களோ அவருக்குக் கோப்பை.

டெரிக் நல்ல மனுஷன். கறுப்புக் கண்ணாடி, வாயில் எப்போதும் பெப்பர்மின்ட். காலையில் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, "என்ன மேன் வேலு, இன்னிக்காச்சும் பின்னால பாத்து ஓட்டு, நான் அழகா இருக்கேன்," என்று சிரித்தான். அவர், "கப்பு வாங்கிட்டு சாவகாசமாப் பாக்கறேன்," என்றார்.

நாலாவது ரவுண்டில் முன்னால் வந்துவிட்டார். ஆறு செகண்ட், ஏழு செகண்ட். நன்றாகப் போயிற்று. பன்னிரண்டுக்குப் பிறகு டெரிக் நெருங்க ஆரம்பித்தான். காசிம் பாய் குரல் மாறியது. "அஞ்சு அண்ணி... நாலு அண்ணி... மூணரை, மூணுன்னே மாட்டுங்க." நான் சரியாகத்தான் மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் மாட்டினேன். அந்த எண் குறையக் குறைய அவர் இன்னும் வேகம் பிடித்தார். விரலைத் தூக்குகிற நேரம்கூடக் குறைந்துகொண்டே வந்தது.

பதினேழாவது ரவுண்டில் கிணற்று மூலைப் பக்கமிருந்து சத்தம் மாறி வந்தது. விக்கல் தாமதமாகக் கேட்டது. கியரைத் தாமதமாக இறக்குகிறார் என்றால், பிரேக்கையும் அவ்வளவு தாமதமாகத்தான் பிடிக்கிறார். வளைவில் ஒரு சக்கரம் தரையிலிருந்து தூக்குகிறது என்று பக்கத்துப் பலகைக்காரர் யாரோ சொன்னார். எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆணியில் தகடு மோதுகிற அந்தக் கிடுகிடு சத்தம் மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தால் என் பலகைதான்.

"ரெண்டு அண்ணி! ரெண்டு!" என்று கத்தினார் காசிம் பாய். அவர் கண் ட்ராக்கில் வண்டிகள் கடக்கிற கோட்டின் மேல் இருந்தது. என் பலகையை அவர் பார்க்க முடியாது. ஒருநாளும் பார்த்ததும் இல்லை.

நான் பெட்டிக்குள் கையை விட்டு எட்டை எடுத்து மாட்டினேன்.

கை தவறவில்லை. அவசரத்தில் மாறிப்போகவும் இல்லை. எட்டு வேண்டும் என்று தேடி எடுத்தேன். எட்டு என்று பார்த்தால் கொஞ்சம் மூச்சு விடுவார், காலைக் கொஞ்சம் எடுப்பார், அந்தக் கிணற்றை நாலடி தள்ளித் திரும்புவார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு. கோப்பையை அவர் எப்படியும் ஜெயிப்பார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். அந்த நொடியில்தான் இந்தப் படம் எடுத்திருக்கிறார்கள். மேலே மூன்று, கீழே எட்டு. பார்த்தார். விரல் தூக்கினார். இந்தத் தடவை அவசரமில்லாமல், நிதானமாக. அடுத்த ரவுண்டில் விக்கல் பழைய இடத்தில் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"ஒண்ணரை! அண்ணி, ஒண்ணரை! என்ன இவுரு, தூங்கறாரா?"

நான் மறுபடியும் எட்டையே நீட்டினேன். அதற்கடுத்த ரவுண்டில் ஏழு. திடீரென்று ஒன்று என்று மாட்ட முடியுமா? சொல்லு. மாட்டினால் அவர் என்ன செய்வார்? பயந்து இன்னும் வேகமாகப் போவார். ஒரு தடவை சொன்னதைச் சொல்லிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடைசி ரவுண்டில், அதே கிணற்று மூலையில், உள்பக்கம் ஒரு வண்டி நுழைகிற இடம் விட்டுத் திரும்பியிருக்கிறார். பின்னால் யாரும் இல்லை என்று நினைக்கிறவன் அப்படித்தானே திரும்புவான். டெரிக் நுழைந்துவிட்டான். ஒரு வண்டி நீளத்தில் கோப்பை போயிற்று.

அவர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் முழுக்க மசியும் வேர்வையும். டெரிக் ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். "என்ன மேன் வேலு, கதவைத் தெறந்து வச்சுட்டு வான்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு! நான் செகண்ட் பிளேஸுக்கு ரெடியாயிட்டேன்யா!"

அவர் தோளை விடுவித்துக்கொண்டார். நேராக என்னிடம் வந்தார். பலகை என் கையில் இருந்தது. மேலே ஒன்று, கீழே ஏழு. கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நின்று அதைப் பார்த்தார். பிறகு தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையில் துடைத்து, பெட்டியில் அடுக்கினார், எப்போதும் அடுக்குவதுபோல.

"கை வலிக்குதா மரகதம்?" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கும் அவ்வளவுதான், அதற்குப் பிறகும் அவ்வளவுதான். அதனால் அவர் கவனிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கவனித்திருந்தால் கேட்டிருப்பார் அல்லவா? புருஷன் பெண்டாட்டிக்குள் கேட்க என்ன தயக்கம்?

அதற்குள் காசிம் பாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணே, ஒண்ணுன்னு நான் கத்துனேனே..." என்று ஆரம்பித்தார். அவர் சட்டென்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆயில் பிரஷர் உழுந்துருச்சு காசிம். முள்ளு கீழ போயிருச்சு. நானே காலை எடுத்துட்டேன்."

காசிம் பாயின் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "அண்ணே... ஆயில் பம்பு நான்தானே மாட்டுனேன்."

"உடு காசிம். சூட்டுல ஆகறதுதான்."

நாலு பேருக்கு முன்னால் தோற்றதற்கு ஏதாவது சொல்ல வேண்டும், ஆண்பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காசிம் பாய் இன்ஜினைப் பிரித்தார். பட்டறைக்கு நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பம்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "ஒரு கீறல் இல்லையேண்ணே. புதுசாட்டம் இருக்குது. அப்ப நான் எங்கயோ இறுக்காம உட்ருக்கேன்." அவர் தலையைத் தூக்காமல், "மாட்டு, மாட்டு," என்றார். பாய் பகல் சாப்பாடு சாப்பிடவில்லை. நான் கொண்டுபோனது கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த சீசனுக்கு இன்ஜின் கட்டித் தரச் சொல்லி யாரும் வரவில்லை. வேலு இன்ஜின் கடைசி ரவுண்டில் கைவிடும் என்று பேச்சாகிவிட்டது. எத்தனை வருஷம் அவர் இன்ஜினில் ஓடினார்கள்! ஒரு தோல்வியில் மறந்துவிட்டார்கள். நன்றியில்லாத ஜனம் அம்மிணி, அதை வேண்டுமானால் மலரில் எழுது. டெரிக் மட்டும் கடிதம் போட்டான், நம்ப முடியவில்லை என்று. அவர் பதில் எழுதவில்லை. பட்டறையில் மோட்டார் பம்ப் ரிப்பேருக்கு வர ஆரம்பித்தது. கடைசிவரை அதுதான். காசிம் பாய் ஒரு வருஷம் தலையைக் குனிந்துகொண்டே வேலை பார்த்துவிட்டு ஷார்ஜா போய்விட்டார்.

இவர் அதன் பிறகு ரேஸ் ஓட்டவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானாகவே நிறுத்தினார். என் பயம் தெரிந்து எனக்காக நிறுத்தினார் என்று நினைக்கிறேன். பின்சீட் நிரந்தரமாக வண்டிக்குப் போயிற்று. நாங்கள் சோபா வாங்கினோம். நீ உட்கார்ந்திருப்பது அதுதான்.

நல்ல வாழ்க்கைதான். ஒரு சண்டை கிடையாது. ஒரே ஒரு பழக்கம் மட்டும் அவருக்கு வந்து சேர்ந்தது, வயதானால் ஆண்களுக்கு வருமே, அந்த மாதிரி. எதைச் சொன்னாலும் ஒரு தடவை தானே போய்ப் பார்ப்பார். கேஸை மூடிவிட்டேன் என்பேன். சரி என்பார், ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து போய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். ரயில் நாலரைக்கு என்றால் ஸ்டேஷனில் இறங்கினதும் போர்ட்டரிடம் கேட்பார். மணி என்ன என்று என்னிடம் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு சுந்தரி ஒரு நாள் சிரித்தாள்: "ஏனுங் டீச்சர், மழை பேயுதுன்னு நீங்க சொன்னாக்கூட அய்யா வெளிய வந்து கையை நீட்டிப் பாக்கறாரு!" நானும் சிரித்தேன். கவனமான மனுஷன், அவ்வளவுதான். இன்ஜின் கட்டுகிற கை அப்படித்தான் இருக்கும்.

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சு. நாலாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "ரெண்டு மூணு நாள்தாம்மா. யாருக்குச் சொல்லணுமோ சொல்லிருங்க," என்றார். சின்ன வயசு டாக்டர். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

உள்ளே வந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாரு?"

"பத்து நாள்ல வீட்டுக்குப் போயிரலாங்கறாருங்க."

வேறு என்ன சொல்வாய் அம்மிணி? நீயாக இருந்தால் என்ன சொல்வாய்?

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸைக் கேட்டார். "ஏங்கண்ணு, எனக்கு எத்தனை நாளு?"

ஐம்பது வருஷம் கூட இருந்தவள் நான். கட்டிலருகில் நிற்கிறேன். நேற்று வந்த கேரளத்துப் பெண்ணைக் கேட்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பெண் பாவம், என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தேன். அவள், "அம்மா சொன்னதுதான் அப்பச்சா. பத்து நாள்," என்றாள்.

"அப்பச் சரி," என்றார். முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்க்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! கொஞ்சம் கஞ்சிகூடக் குடித்தார். குடித்துவிட்டுச் சொன்னார்: "காசிமுக்கு ஒரு போன் போடோணும். அவங்கிட்ட ஒரு விசயம் சொல்லோணும்."

போன் என் கையில்தான் இருந்தது. "இப்பவே போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"இப்ப வேண்டாம். மூச்சு வாங்குது. கொஞ்சம் நெறையாப் பேசோணும். வீட்டுக்குப் போயி நெதானமாப் பேசிக்கறேன். பத்து நாள்தான."

மூன்றாம் நாள் மத்தியானம், வார்டில் சாப்பாட்டு வண்டி வருகிற நேரத்தில் போய்விட்டார்.

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. ஏதாவது பட்டறை விஷயமாக இருக்கும்.

காசிம் பாய் பதினாறாம் நாள் வந்தார். ஷார்ஜாவிலிருந்து திரும்பி ரொம்ப வருஷமாகிறது, கரும்புக்கடையில் மகன் வீட்டில் இருக்கிறார். உனக்குத்தான் தெரியுமே. தாடியெல்லாம் வெளுத்து, கம்பு ஊன்றி. படத்துக்கு முன்னால் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "அண்ணி, ஒரே ஒரு வார்த்தை அவரு என்னைத் திட்டியிருந்தாப் போதும். அந்தப் பம்பை நான்தான் சரியா மாட்டாம உட்டேன். அவரு பேரைக் கெடுத்தவன் நான். ஒரு நாளும் திட்டலியே அண்ணி." நான், "விடுங்க பாய், பழைய கதை," என்றேன். துக்க வீட்டில் போய் அதையா பேசுவது? வந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதுதான். எல்லாம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. மலரில் ஆயில் பிரஷர் என்றே போட்டுவிடு. அவர் தன் வாயால் சொன்னதை நான் மாற்றக் கூடாது, அது அவருக்கு மரியாதை இல்லை.

என்ன? பாயா கேட்டுவரச் சொன்னார்? அந்தப் பம்பு விஷயம் டீச்சருக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாரா. போன வாரமா? மூக்கில் குழாய் வைத்திருந்தாரா? அது இப்போதெல்லாம் எல்லோருக்கும் வைக்கிறார்கள், சின்னச் சளிக்குக்கூட வைக்கிறார்கள். கெட்டியான உடம்பு அவருக்கு. இன்ஜினைத் தனியாளாகத் தூக்கியவர்.

சொல்கிறேன் அம்மிணி. நான்தான் சொல்ல வேண்டும், நீ சொல்லக் கூடாது. ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல முடியுமா? வயதானவர், மனசு தாங்க வேண்டும். முதலில் குடும்பம் எப்படி இருக்கிறது, பேத்தி படிப்பு எப்படி என்று ஆரம்பித்து, மெதுவாகத்தான் கொண்டுவர வேண்டும்.

போனை நீட்டாதே, உள்ளே வை. இந்நேரம் தொழுகைக்குப் போயிருப்பார். போக முடியாதா? சரி, படுத்திருப்பார், எழுப்ப வேண்டாம்.

நாளைக்குப் பேசுகிறேன். நாளைக்கு என்ன, செவ்வாய்க்கிழமையா? செவ்வாய்க்கிழமை வேண்டாம். நீ இரு, காபி குடித்துவிட்டுப் போ, பால் இருக்கிறது. புதன்கிழமை பேசுகிறேன்.